பொதுப்பள்ளியில் சமயத்தின் இடம்: காரைக்காலை முன்வைத்து

அரசுப் பொருளால் நடக்கும் பள்ளியில் சமயத்திற்கு என்ன இடம் உண்டு என்னும் வினா, பல சமயத்துப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் சேர்ந்து அமரும் ஊர்களில்தான் முழு ஆழத்தோடு எழுகிறது. தமிழகத்தின் நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்கள் சூழ்ந்திருக்க, புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் ஒரு கூறாகக் காவிரிப் படுகையின் கடலோரத்தில் அமைந்துள்ள காரைக்கால் அத்தகைய ஊராகும். ஆனிப் பௌர்ணமியையொட்டி நிகழும் காரைக்கால் அம்மையாரின் மாங்கனித் திருவிழாவுக்கும், மஸ்தான் சாகிப் தர்காவின் கந்தூரி விழாவுக்கும் இங்கே உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம். கிறிஸ்துமசும் திருநள்ளாற்றுச் சனிப்பெயர்ச்சியும் ஊர் முழுவதும் அறிந்த நாள்கள். ஆகவே சமயத்தைப் பள்ளி வாயிலுக்கு வெளியே நிறுத்திவிடுதல் இயலாது. பிள்ளைகளோடு அதுவும் உள்ளே வந்துவிடுகிறது. அவ்வாறு வருவதைப் பள்ளி எவ்வாறு எதிர்கொள்ள வேண்டும் என்பதே ஆராயத்தக்கது.

1739 முதல் பிரெஞ்சுக்காரர் வசமிருந்து, 1954 நவம்பர் 1 அன்று இந்திய நிருவாகத்தின்கீழ் வந்து, 1962இல் சட்டப்படி இந்தியாவுடன் இணைந்த இவ்வூருக்கு இருவேறு அரசியல் மரபுகளோடு தொடர்புண்டு. பிரான்சில் 1882ஆம் ஆண்டுச் சட்டம் அரசுத் தொடக்கப்பள்ளிகளிலிருந்து சமயப் பாடத்தை நீக்கியது. ‘லாயிசிதே’ எனப்படும், அரசைச் சமயத்திலிருந்து விலக்கி வைக்கும் கொள்கை அங்கு மேலும் இறுகி, வெளிப்படையாகத் தெரியும் சமயச் சின்னங்களை மாணவர் அணிவதையே 2004இல் தடை செய்யும் அளவுக்குச் சென்றது. இந்திய அரசமைப்பின் 28ஆம் உறுப்போ, முழுவதும் அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் சமய போதனை, அதாவது ஒரு சமயத்தை உண்மையென ஏற்கச் செய்யும் பயிற்சி, கூடாது என்கிறது; அரசின் ஏற்போ உதவியோ பெறும் பிற பள்ளிகளிலும், மாணவர் இசைந்தாலன்றி, அவர் சிறாராயின் பாதுகாவலர் இசைந்தாலன்றி, வழிபாட்டில் பங்கேற்குமாறு வற்புறுத்தலாகாது என்கிறது. முன்னது பிள்ளையின் தோற்றத்தையும் கட்டுப்படுத்த முனைய, பின்னது போதிக்கும் நிறுவனத்தையே கட்டுப்படுத்துகிறது.

இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கும் வழக்கொன்று அமெரிக்காவில் எழுந்தது. பிலடெல்பியாவின் புறநகரான அபிங்டனிலுள்ள பொது உயர்நிலைப்பள்ளியில், பென்சில்வேனிய மாநிலச் சட்டப்படி ஒவ்வொரு நாள் காலையிலும் விவிலியத்திலிருந்து பத்து வசனங்கள் ஒலிபெருக்கி வழியே வாசிக்கப்பட்டன. விரும்பாத மாணவர் விலகி நிற்கலாம் என்ற சலுகை இருந்தும், அரசு நடத்தும் பள்ளி வழிபாட்டை நடத்துவதே தவறு என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1963இல் தீர்ப்பளித்தது. பதின்பருவத்தினர் நண்பர்களின் பார்வைக்கு மிகவும் கட்டுப்பட்டவர்கள் என்பதை எண்ணினால் இத்தீர்ப்பின் நியாயம் விளங்கும். எல்லோரும் கைகூப்பும்போது தனியே வெளியேற வேண்டிய பிள்ளைக்கு அந்தச் சலுகையே தண்டனையாகிவிடுகிறது. அதே தீர்ப்பு, விவிலியத்தை இலக்கியமாகவும் வரலாறாகவும் பயில்வதற்குத் தடையில்லை என்றும் கூறியது. இந்திய உச்ச நீதிமன்றமும் 2002இல், பாடத்திட்டம் குறித்த அருணா ராய் வழக்கில், சமய போதனை வேறு, சமயங்களைப் பற்றிய அறிவு வேறு என்று பிரித்துக் காட்டியது.

கட்டாய வழிபாட்டை எதிர்ப்போர் இறைமறுப்பாளர் மட்டுமே என்னும் எண்ணம் பிழையானது. காரைக்கால் அம்மையாரின் வரலாறே இதற்குச் சான்று. அறுபத்துமூன்று நாயன்மார்களுள் மூன்று பெண்களில் ஒருவரான அவர், இறையருளால் மாங்கனி பெற்றதைக் கண்டு அஞ்சிக் கணவன் பரமதத்தன் பிரிந்தபின், அழகிய உடலை உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்றார் என்று பெரியபுராணம் கூறுகிறது. அந்தப் பக்தியை அவருக்கு எவரும் ஆணையிடவில்லை. உற்றார் விரும்பிய வாழ்வுக்கு மாறாக அவரே தேர்ந்த வழி அது. கட்டளைக்குப் பணிந்து உதடு அசைப்பது பக்தியாகாது என்பதை இவ்வரலாற்றைப் போற்றும் அடியவரே முதலில் உணர வேண்டும். நம்பிக்கைக்கு மதிப்பளிப்பதனால்தான் பொதுப்பள்ளி அதைத் திணிக்கலாகாது.

எனினும், திணிக்காமை மௌனமாகிவிடக் கூடாது. சமயம் பற்றி ஒரு சொல்லும் பேசாத பள்ளியில் பயிலும் பிள்ளை, அண்டை வீட்டாரின் நம்பிக்கையை வதந்தியின் வழியாகவே அறிகிறது. ஆசிரியர் தம் சார்பை நுழைத்துவிடுவார் என்னும் அச்சம் மெய்யானதே. ஆனால் அதற்குரிய மருந்து தமிழ் வகுப்பிலேயே நெடுங்காலமாக இருந்துவருகிறது. பௌத்தக் காப்பியமாகிய மணிமேகலையையும், சமணக் காப்பியமாகிய சீவக சிந்தாமணியையும், உமறுப்புலவரின் சீறாப்புராணத்தையும், வீரமாமுனிவரின் தேம்பாவணியையும் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் பயின்றே வந்திருக்கிறார்கள். நபிகளின் வரலாற்றைப் படித்த இந்துச் சிறுமி மதம் மாறவில்லை. காரைக்கால் அம்மையாரின் அற்புதத் திருவந்தாதியைப் படித்த முஸ்லிம் சிறுவன் தன் ஊரின் மூத்த கவிஞரை அறிந்துகொள்கிறான். நம்புவோர் இதனை எவ்வாறு உணர்கிறார்கள் என்று கேட்பது கல்வி. நீயும் இவ்வாறே நம்பு என்பது போதனை. ஆசிரியர் நிற்க வேண்டிய எல்லை இதுவே.

ஆகவே, காரைக்காலின் அரசுப் பள்ளி மாங்கனித் திருவிழாவையும் கந்தூரியையும் கிறிஸ்துமசையும் ஊரின் வரலாறாகவும் இலக்கியமாகவும் கற்பிக்கலாம், கற்பிக்கவும் வேண்டும். காலைக் கூட்டத்தில் எந்த ஒரு சமயத்தின் வழிபாட்டையும் நடத்தலாகாது. பிள்ளை அணிந்துவரும் திருநீற்றையோ தலைத்துணியையோ சிலுவையையோ குற்றமாகக் கருதவும் கூடாது. எண்ணிக்கையில் சிறிய சமயத்தைச் சேர்ந்த பிள்ளையும், எச்சமயமும் சாராத பிள்ளையும், பள்ளியைத் தமக்கும் உரியது என்று ஐயமின்றிச் சொல்ல முடிகிறதா என்பதே பொதுப்பள்ளியின் நடுநிலையை அளக்கும் கோல்.