அட்டவணையில் இல்லாத பெயர்

சங்கரன்கோவிலில் ஒரு வீடு. இரண்டு பிள்ளைகளையும் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைக்கிறார்கள். கூடத்துச் சுவரில் ஒரு சார்ட் பேப்பர் ஒட்டியிருக்கிறது. ஐந்தரைக்கு எழ வேண்டும், ஆறரைக்குக் கணக்கு, எட்டரைக்குச் சாப்பாடு, ஒன்பதரைக்கு அறிவியல் என்று ஸ்கெட்ச் பேனாவில் நிறம் நிறமாக எழுதியிருக்கிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எட்டரைக்குத் தட்டில் இட்லி விழ வேண்டுமானால், முந்தின நாள் மத்தியானமே அரிசியும் உளுந்தும் ஊறியிருக்க வேண்டும். மாவு ஆட்டி, கிரைண்டர் கழுவி, இரவு பாத்திரம் தேய்த்து, விடிவதற்கு முன் ஒருவர் எழுந்து அடுப்பு பற்ற வைத்திருக்க வேண்டும். குழாயில் தண்ணீர் வருகிற நாளில் அறிவியல் பாடத்தின் நடுவே ஓடிப்போய்க் குடம் பிடிக்க வேண்டும். இவை எதற்கும் அந்தத் தாளில் ஒரு வரி இல்லை. கேட்டால், “அதெல்லாம் அவ பாத்துக்குவா” என்கிறார் வீட்டுக்காரர். அந்த ‘அவ’தான் கணக்கும் சொல்லிக் கொடுக்கிறார், தமிழும் சொல்லிக் கொடுக்கிறார்.

அந்தத் தாளில் இந்த வேலைகள் ஏறாதவரை, ஏறி அவற்றுக்கு நேரே அப்பாவின் பெயரும் மகனின் பெயரும் விழாதவரை, பிள்ளையைப் பள்ளியிலிருந்து எடுக்க அந்தக் குடும்பத்துக்குத் தார்மீக உரிமை கிடையாது. இது கடுமையான பேச்சு என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

2019இல் ஒன்றிய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று இருக்கிறது. ஒரு நாளில் சம்பளமில்லாத வீட்டு வேலையில் கை வைத்தவர்கள் பெண்களில் நூற்றுக்கு 81 பேர், ஆண்களில் 26 பேர். கை வைத்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டாலும் பெண்ணுக்குச் சராசரி 299 நிமிடம், ஆணுக்கு 97. ஐந்தாண்டு கழித்து 2024இல் அது 289, 88 என்று ஆனது. பெண்ணுக்குக் குறைந்த பத்து நிமிடத்தை ஆண் எடுத்துக்கொள்ளவில்லை; அவர் பங்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது. ஏற்கெனவே ஐந்து மணி நேரம் போய்விட்ட ஒருத்தியின் தலையில்தான் ஐந்தாறு பாடங்களைக் கொண்டுபோய் வைக்கிறோம்.

இதைச் சொன்னால் உடனே வருகிற பதில், “பிள்ளைகளுக்காக அவ தவம் இருக்கா” என்பது. இந்த ஊருக்குத் தவம் புதிதில்லை. சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சங்கன், பதுமன் என்கிற இரண்டு நாகங்களுக்குள் சண்டை. அதைத் தீர்க்கத் தபசு இருந்தவள் கோமதி அம்மன். ஆடித்தபசுக்கு லட்சக்கணக்கில் கூடிக் கும்பிடுகிறோம். கதையை நம்புகிறவர் நம்பட்டும். ஆண்டுக்கு ஒருமுறை அந்தத் தபசைக் கொண்டாடுகிற நாம், வீட்டிலிருக்கும் பெண்ணின் அலுப்பையும் அதே பக்தியோடு தவமாக்கிவிடுகிறோம் என்பதே என் புகார். தவம் என்று பெயர் வைத்துவிட்டால் அதில் பங்கு கேட்க எவருக்கும் தோன்றாது. பாத்திரம் தேய்ப்பதைப் பாத்திரம் தேய்ப்பதாகவே பார்த்தால்தான், “இன்றைக்கு நான் தேய்க்கிறேன்” என்று ஒருவர் எழ முடியும்.

வீட்டையே பள்ளியாக்கும் யோசனையும் நமக்குப் புதிதில்லை. 1953க்கு வருகிறேன். ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பள்ளி நேரம் நாளுக்கு மூன்று மணியாகக் குறைக்கப்பட்டது. மீதி நேரம் பிள்ளைக்கு வீடுதான் பள்ளி. பையன் அப்பனின் தொழிலைப் பழக வேண்டும், பெண்பிள்ளை தாயிடம் சமையலும் வீட்டு வேலையும் பழக வேண்டும். குலக்கல்வி என்று அதற்குப் பெயர் விழுந்தது. பெரியார் தெருவுக்கு வந்தார், திமுக போராடியது, காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பியது. 1954 ஏப்ரலில் காமராஜர் முதலமைச்சரானார். அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது. தறி ஓடும் இந்த ஊரில் அந்தத் திட்டத்தின் பொருள் என்னவாக இருந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. நெசவாளியின் பிள்ளை தறிக்கான நூலைத் தாரில் சுற்றிக்கொண்டே வளர்ந்து அதே தறியில் உட்கார்ந்திருக்கும்.

அந்தத் திட்டத்தின் முதல் பாதியை நாம் முறியடித்தோம். அந்தப் பெருமையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டாம் பாதியை யார் முறியடித்தது? மகள் தாயைப் பார்த்துக் கரண்டி பிடிக்கப் பழகுவதும், மகன் அப்பாவைப் பார்த்துத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழப் பழகுவதும் எந்த அரசாணையும் இல்லாமல் இன்றும் நடக்கின்றன. பள்ளிக்குப் போகும் பிள்ளை நாளில் சில மணி நேரமாவது அந்தப் பாடத்திலிருந்து தப்பிக்கிறது. பெண் தலைமையாசிரியராக இருப்பதைப் பார்க்க வாய்ப்பிருக்கிறது. நாள் முழுக்க வீட்டிலேயே இருக்கும் பிள்ளை எங்கே தப்பிக்கும்?

பள்ளிகள் புனிதமானவை என்று நான் வாதாடவில்லை. மனப்பாடத்துக்கும் அடிக்கும் கட்டணத்துக்கும் பயந்து பிள்ளையை எடுத்த பெற்றோரை எனக்குத் தெரியும். தென் மாவட்டப் பள்ளிகளில் மாணவர்கள் கையில் சாதியைக் காட்டும் கயிறு கட்டிக்கொண்டு திரிகிறார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை உடன் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு, கயிறு, மோதிரம், நெற்றிக்குறி எல்லாவற்றையும் பள்ளியில் தடை செய்யச் சொன்னது. ஆனால் அந்தக் கயிறு பள்ளியில் திரிக்கப்பட்டதில்லை. வீட்டிலும் தெருவிலும் திரித்ததைப் பையன் பள்ளிக்குக் கட்டிக்கொண்டு வருகிறான்.

சங்கரன்கோவில் பக்கத்திலேயே பாஞ்சாகுளம் இருக்கிறது. 2022 செப்டம்பரில் தின்பண்டம் வாங்க வந்த தலித் பிள்ளைகளிடம், ஊர்க்கட்டுப்பாடு, இனிமேல் கொடுக்க மாட்டோம், வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று சொல்லி ஒரு கடைக்காரர் திருப்பி அனுப்பிய வீடியோவை நாடே பார்த்தது. கடைக்குச் சீல் வைத்தார்கள், கைது நடந்தது. அந்த ஊர்க்கட்டுப்பாட்டை எந்தப் பாடநூலும் கற்றுக் கொடுக்கவில்லை. பெரியவர்கள் திண்ணையில் பேசியதுதான் அது. வீட்டுக்கல்வி என்றால் என்னவென்று எனக்குக் காட்டியது அந்த வீடியோதான்.

ஆகவே வீட்டைப் பள்ளியாக்கத் துணிகிறவர்கள் முதலில் வீட்டை ஒழுங்குபடுத்த வேண்டும். அலமாரி, ஃபைல், பாடக்குறிப்பெல்லாம் அப்புறம். ஊறவைப்பது முதல் கழிவறை தேய்ப்பது வரை ஒன்றுவிடாமல் எழுதுங்கள். வாரம் ஒருமுறை பெயரை மாற்றுங்கள். பத்து வயதுப் பையனுக்குக் குக்கர் வைக்கத் தெரியாவிட்டால், அது கூட்டல் தெரியாததற்குச் சமமான குறை. தறிக்கோ கடைக்கோ போய்விட்டு வரும் அப்பா களைத்துப் போகிறார் என்பது உண்மைதான். வீட்டில் தார் சுற்றிக்கொண்டே பாடம் சொல்லும் அம்மாவும் களைத்துத்தான் போகிறார்.

அடுத்து, வீட்டுக் கதவைத் திறங்கள். மாலையில் அடுத்த தெருப் பிள்ளைகள் வந்து உங்கள் பிள்ளையோடு ஒரே பாயில் உட்கார்ந்து படிக்கட்டும், ஒரே டம்ளரில் தண்ணீர் குடிக்கட்டும். யார் பிள்ளை என்று விசாரிக்கும் பாட்டிக்கு அன்றே பதில் சொல்லிவிடுங்கள். கொரோனாவுக்குப் பிறகு 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் இந்தக் கலப்பு ஓரளவு நடந்தது. அந்தத் தன்னார்வலர்களிலும் பெரும்பாலோர் பெண்கள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில் பாடம் சொன்னவர்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பதைப் பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காதவருக்குத் தண்டனை எதையும் சொல்லவில்லை. வீட்டில் படிப்பவர்கள் பலர் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் பதிந்து, 14 வயதானதும் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுகிறார்கள். ஐந்தாண்டுக்குள் ஒன்பது வாய்ப்பு உண்டு. ஒவ்வொரு பாடமாகவும் எழுதலாம். அங்கே வயதுக்கு உச்சவரம்பு கிடையாது. எட்டோடும் ஒன்பதோடும் படிப்பை நிறுத்தித் தறிக்கும் அடுப்புக்கும் அனுப்பப்பட்ட அம்மாக்கள் இந்த ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். வேலையைப் பங்கு போட்டால் அவர்களுக்கு நாளில் இரண்டு மணி நேரம் மிஞ்சும். பிள்ளைக்கு விண்ணப்பம் போடும்போதே அம்மாவுக்கும் ஒன்று போடுங்கள். அவர் தேர்வுக்குப் படிக்கிற மாதங்களில் சமையல் முழுக்க அப்பாவின் பொறுப்பு என்று அதே தாளில் எழுதி ஒட்டுங்கள்.