ஹீட்டர் இல்லாத சொர்க்கம்

இங்கிலாந்தில் பழைய லாரிகளுக்கென்றே கண்காட்சிகள் நடக்கும். ஃபோடன், ஏ.இ.சி., ஸ்கேமல், அட்கின்ஸன் என்று பளபளவென்று பெயின்ட் அடித்து நிறுத்தியிருப்பார்கள். லேலண்ட்காரர்கள் ஒரு மிருகக்காட்சி சாலையே வைத்திருந்தார்கள். ஒரு லாரிக்கு பீவர் என்று பெயர், இன்னொன்றுக்கு ஹிப்போ. எட்டுச் சக்கர லாரிக்கு? யூகித்திருப்பீர்கள், ஆக்டோபஸ்!

இந்த லாரிகளை ஓட்டிய பெரியவர்கள் எழுதும் நினைவுக் குறிப்புகள் படிக்க சுவாரஸ்யமானவை. ஏதோ முதல் காதலியைப் பற்றி எழுதுவது போலிருக்கும். ஆனால் அந்தக் காதலி அவர்களைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல.

பல வண்டிகளில் ஹீட்டர் கிடையாது. பவர் ஸ்டீயரிங் கிடையாது. இன்ஜின் கேபினுக்குள்ளேயே பக்கத்து சீட்காரர் மாதிரி உட்கார்ந்து கத்திக்கொண்டிருக்கும். கியர் மாற்ற டபுள் கிளட்ச் போட வேண்டும். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, காலை எடுத்து, இன்ஜின் வேகத்தைக் காதாலேயே கணித்து, மறுபடி மிதித்து அடுத்த கியர். கணக்குத் தப்பினால் 'கர்ர்ர்'. இறக்கத்தில் தப்பினால் இன்ஜினின் பிடி போய், முழு பாரமும் பிரேக்கின் தலையில்.

1957 வரை கனரக லாரிகளுக்கு அங்கே சட்டப்படி வேகம் மணிக்கு 20 மைல்தான். அந்த வருடம்தான் 30 ஆக்கினார்கள். வடக்கே ஸ்காட்லாந்து போக, சுமார் 1,400 அடி உயர ஷாப் மேட்டில் ஏறியாக வேண்டும். பனி, மூடுபனி, சறுக்கல். 1970-ல் அந்தப் பக்கம் எம்-6 நெடுஞ்சாலை வந்த பிறகுதான் விமோசனம். பழைய சாலையின் உச்சியில் அந்த டிரைவர்களுக்கு ஒரு நினைவுக்கல்லே வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு அவஸ்தையையும் சொல்லிவிட்டு, 'ஆஹா, அந்த நாள் வருமா!' என்று முடிக்கிறார்கள். இது பொய்யா?

1957-ல் வெளிவந்த 'ஹெல் டிரைவர்ஸ்' என்ற பிரிட்டிஷ் படத்தைப் பாருங்கள். ஜேம்ஸ் பாண்ட் ஆவதற்கு முன் ஷான் கானரி சின்ன வேடத்தில் வருவார். நடைக்கு இவ்வளவு என்ற கூலிக்காக உயிரைப் பணயம் வைத்து லாரியை விரட்டும் ஆட்களின் கதை. அதில் ஒருவருக்கும் ஏக்கமெல்லாம் இல்லை. காரணம், அது நடந்துகொண்டிருந்தபோதே எடுத்த படம். ஏக்கம் பிறக்க முப்பது வருஷம் வேண்டும். தவிர, பிழைத்திருக்கவும் வேண்டும். மூடுபனியில் போய்ச் சேர்ந்தவர் நினைவுக் குறிப்பு எழுதுவதில்லை.

ஆனாலும் பெரியவர்கள் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். அவர்கள் ஏங்குவது குளிருக்காக அல்ல. சத்தம் வராமல் கியர் விழும் அந்த ஒரு கணத்துக்காக. 'இந்த வண்டியை நான் ஓட்டினால்தான் நகரும்' என்ற கர்வத்துக்காக. இன்றைய லாரி தானே கியர் மாற்றிக்கொள்கிறது. நல்லதுதான். ஆனால் அது டிரைவரைப் பார்த்து 'நீ இல்லாவிட்டால் இன்னொருத்தன்' என்றும் சொல்லிவிடுகிறது. கஷ்டமும் கெட்டிக்காரத்தனமும் ஒரே பொட்டலத்தில் வந்ததால், பிரிக்கத் தெரியாமல் இரண்டையும் சேர்த்துக் கொண்டாடுகிறார்கள்.

கொண்டாடட்டும். சிக்கல் அடுத்த வரியில்தான் ஆரம்பிக்கிறது: 'நாங்கள் படாத கஷ்டமா? இந்தக் காலத்துப் பசங்களுக்கு என்ன கேடு?'

அம்மியில் அரைத்த சட்னியைப் புகழ்பவர்களை கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் அரைத்தவர்கள் அல்ல, சாப்பிட்டவர்கள். பட்டவர் தன் கஷ்டத்தை நேசிக்கலாம், அது அவருடைய சொத்து. ஆனால் அதை இன்னொருவர் முதுகில் ஏற்ற அவருக்கும் உரிமை இல்லை. அந்தக் கஷ்டத்தில் லாபம் பார்த்தவர்களுக்கு நேசிக்கவே உரிமை இல்லை.

இது நமக்கும் தூரத்து சமாசாரமல்ல. அதே லேலண்ட் பெயர் 1955-லேயே எண்ணூருக்கு வந்து, இன்றும் நம் ரோடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தியாவில் 2025 அக்டோபர் முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. 'மே மாத வெயிலில் பனியனோடு ஓட்டியவர்கள் நாங்கள், ஏ.சி. எதற்கு?' என்று யாராவது சொன்னால், சொல்பவர் ஓட்டியவரா, ஓட்ட வைத்தவரா என்று முதலில் பாருங்கள்.

ஓட்டியவர்தான் என்றால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'அண்ணே, அந்த சீட்டில் உங்க பையனை உட்கார வைப்பீங்களா?'

கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வார். அந்த யோசனை போதும்.