பாப்பா பார்த்துக்குவா!

போன மாதம் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்து இலை, ஒரு தூரத்து உறவுக்காரர். எழுபதைத் தாண்டியவர், மனதில் கள்ளம் இல்லாதவர். என் மகனை ஜாடையாகக் காட்டி, ‘‘உங்க காலத்துக்கு அப்புறம் இவனை...’’ என்று இழுத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். ‘‘உங்களுக்கென்ன கவலை? அதான் பொண்ணு இருக்காளே. அவ பார்த்துக்குவா!’’

இருபது வருஷமாகக் கேட்கிற வசனம்தான். ‘ஆமாங்க’ என்று சிரித்துவிட்டு ரசத்துக்குப் போய்விடுவது என் வழக்கம். அன்றைக்கு முடியவில்லை. அந்தப் பொண்ணு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து, அண்ணன் இலையில் அப்பளத்தை நொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் சொன்னது அவள் காதில் விழுந்தது. நிமிர்ந்து பார்க்கவில்லை.

மகனுக்கு 26 வயது. டவுன் சிண்ட்ரோம். செல்லுக்கு 46 குரோமோசோம் இருக்க வேண்டிய இடத்தில் 47 இருக்கிறது. 21-ம் எண்ணில் ஒன்று கூடுதல். இதுதான் காரணம் என்று 1959-ல் பிரான்ஸில் கண்டுபிடித்தார்கள். கணக்கில் ஒன்று கூடுதல், வாழ்க்கையில் எல்லாமே கொஞ்சம் தாமதம். அவன் நடந்தது மூன்று வயதில். ‘அம்மா’ என்று தெளிவாகச் சொன்னது ஐந்தில். சட்டைக்குப் பட்டன் போட, பதினான்கு வயது வரைக்கும் வரவில்லை. மேலிருந்து போட்டுக்கொண்டு வருவான், கடைசியில் ஒரு பட்டன் மிஞ்சும். கோபத்தில் சட்டையையே கழற்றி எறிவான். ஒரு நாள் அவன் தங்கைதான், ஒன்பது வயசுப் பொடிசு, ‘‘அண்ணா, கீழேர்ந்து போடு. கீழ ரெண்டு நுனியும் சேருதான்னு உனக்கே கண்ணுக்குத் தெரியும்ல!’’ என்றாள். அன்றையிலிருந்து பட்டன் மிஞ்சியதில்லை. நாங்கள் பணம் கட்டிப் போன பயிற்சி வகுப்புகளில் ஆறு மாதமாக வராதது அது.

அவன் அவளை ‘பாப்பா’ என்று கூப்பிடுவான். அவள் அவனை ‘அண்ணா’ என்பாள். ஆனால், எந்த வருஷத்திலிருந்து தங்கச்சி அக்காவாக மாறினாள் என்று எங்கள் யாருக்கும் தெரியாது.

இந்த ஏப்ரலில் அவளுக்குப் புனேயில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. அதை எங்களிடம் சொல்லவே இல்லை. ஃபீஸ் கட்டக் கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்னால், பிரின்டரில் கிடந்த ஒரு காகிதத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. கேட்டேன்.

‘‘போகலைப்பா. அண்ணனை யார் பார்த்துக்குவா?’’

‘‘நாங்க இல்லையா?’’

‘‘இப்ப இருக்கீங்க.’’

கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் கேட்டாள். ‘‘அப்பா, ஒண்ணு கேட்டா உண்மையைச் சொல்வீங்களா? அண்ணன் நல்லாப் பொறந்திருந்தா, என்னைப் பெத்திருப்பீங்களா?’’

வாசகர்களே, பொய் சொல்லியிருக்கலாம். ‘பொண்ணு வேணும்னு ஆசைப்பட்டோம்மா’ என்று சொன்னால் முடிந்தது. ஆனால், நடந்தது அதுவல்ல. மகனுக்கு நான்கு வயது இருக்கும்போது சொந்தக்காரர்கள், அக்கம்பக்கம், ஆலோசனைக்குப் போன டாக்டர்கூட, எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: ‘இன்னொண்ணு பெத்துக்கோங்க. பின்னாடி இவனைப் பார்த்துக்க ஆள் வேணும்ல?’ ராத்திரி ராத்திரியாக நானும் மனைவியும் பேசி எடுத்த முடிவு அது. அவள் பிறப்பதற்கு முன்பே அவளுக்கு வேலை கொடுத்துவிட்டோம்.

‘‘உன்னைப் பெத்துக்கணும்னு நினைச்சது அவனுக்காகத்தான்மா. ஆனா, வளர்த்தது உனக்காக’’ என்றேன். நல்ல பதில் சொல்லிவிட்டதாகவே நினைத்தேன்.

‘‘வளர்த்ததும் பாதி அவனுக்காகத்தான்’’ என்றாள். குரலில் கோபம் இல்லை. கணக்குச் சொல்கிற தொனி. ஸ்கூல் டூர் ஒன்றுக்குக்கூட அவள் போனதில்லை. அவள் நாட்டிய வகுப்பு நேரம், அவன் பேச்சுப் பயிற்சிக்கு இடிக்கிறது என்று நிறுத்தினோம். அவள் 96 மார்க் வாங்கி வந்தால், ‘சரி’. அவன் ‘96’ என்று எழுதினால் கேசரி. அவள் சொன்ன எதுவும் பொய் இல்லை. என்னிடம் பதிலும் இல்லை.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் யோசித்துக்கொண்டிருந்தேன். இமானுவேல் கான்ட் என்ற ஜெர்மன் தத்துவஞானி 1785-ல் எழுதிய புத்தகம் ஒன்றில், மனிதரை வெறும் கருவியாக மட்டும் நடத்தாதே என்கிறார். அப்படியென்றால் நான் குற்றவாளியா? யோசித்தால், காரணமில்லாமல் யார் பிள்ளை பெற்றுக்கொள்கிறார்கள்? வம்சம் தழைக்க, கொள்ளி போட, வயசான காலத்தில் கஞ்சி ஊற்ற என்று ஏதோ ஒரு கணக்கு எல்லார் வீட்டிலும் இருக்கிறது. கான்ட் சொன்னதில் ‘மட்டும்’ என்கிற வார்த்தைதான் முக்கியம். எதற்காகப் பெற்றோம் என்பதை மாற்ற முடியாது. பிறந்த பிறகும் அந்த ஒரே வேலைக்குள் அவளைப் பூட்டி வைத்தால், அதுதான் தப்பு.

எங்களைப் போன்ற பெற்றோர் கூடுகிற இடங்களில் ஒரு பிரார்த்தனை உண்டு. ‘இவனுக்கு மறுநாள் நான் போகணும் சாமி.’ பெற்ற பிள்ளை தனக்கு முன்னால் போகட்டும் என்று ஒரு தாய் வேண்டுவதை வெளியாட்கள் கேட்டால் பதறிப்போவார்கள். எங்களுக்குப் புரியும். முன்பெல்லாம் அந்த வேண்டுதலுக்கே அவசியம் இருக்கவில்லை. இந்தக் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இதயத்தில் பிறவிக் கோளாறு இருக்கும். அமெரிக்காவிலேயே 1983-ல் இவர்களின் சராசரி ஆயுள் சுமார் 25 வருஷம்தான். இன்று அங்கே 60. என் மகனுக்கு இரண்டு வயதில் இதய ஆபரேஷன் ஆனது. மருத்துவம் அவனை எங்களுக்குத் திருப்பித் தந்தது. கூடவே ஒரு கேள்வியையும் தந்தது. எங்களுக்கு அப்புறம் யார்?

அந்தக் கேள்விக்குச் சுலபமான பதிலாகத்தான் மகளை எழுதி வைத்திருந்தோம், உயில் எழுதுவது மாதிரி.

பிரான்ஸின் ஜனாதிபதியாக இருந்த சார்ல் து கோலுக்கும் டவுன் சிண்ட்ரோம் உள்ள மகள் ஒருத்தி இருந்தாள். பெயர் ஆன். 1928-ல் பிறந்தவள். அவளுக்கு மேலே ஓர் அண்ணன், ஓர் அக்கா. ‘மூத்தது ரெண்டு இருக்கு, பார்த்துக்கும்’ என்று து கோல் தம்பதி விட்டுவிடவில்லை. மனவளர்ச்சி குன்றிய பெண்களுக்காக ஆன் பெயரிலேயே ஓர் இல்லம் ஏற்படுத்தினார்கள். போர் நினைவுகளை எழுதியதில் வந்த வருமானத்தையும் து கோல் அதற்கே கொடுத்தார். ஆன் 1948-ல், 20 வயதிலேயே இறந்துவிட்டாள். ஆனாலும் அந்த இல்லம் மற்றப் பெண்களுக்காகத் தொடர்ந்து நடந்தது.

அவர் ஜனாதிபதி, கட்டினார், நம்மால் முடியுமா என்று கேட்கலாம். முடிகிற வேலையும் இருக்கிறது, நான்தான் செய்யவில்லை. நம் நாட்டில் 1999-லேயே தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. மகனுக்கு 18 முடிந்தால், சட்டப்படி அப்பா தானாகவே கார்டியன் ஆகிவிட முடியாது. மாவட்டக் கமிட்டியிடம் விண்ணப்பிக்க வேண்டும். உறவினரும் கார்டியன் ஆகலாம், பதிவு பெற்ற அமைப்பும் ஆகலாம். அவன் சொத்துக்கு 6 மாதத்துக்குள் பட்டியல் தர வேண்டும். வருஷா வருஷம் கணக்குக் காட்ட வேண்டும். இத்தனையும் தெரிந்தும் 8 வருஷமாக அந்த ஃபைலை நான் தொடவில்லை. ஏன்? ‘பாப்பா இருக்காளே!’

‘நீ சுதந்திரமானவள், போம்மா’ என்று வாயால் சொல்வது சுலபம். அண்ணனுக்கு வேறு எந்த ஏற்பாடும் இல்லாத வீட்டில் அது ஏமாற்று வேலை. வேறு வழி இருக்கும்போதுதான் அவளால் ‘மாட்டேன்’ என்று சொல்ல முடியும். ‘மாட்டேன்’ என்று சொல்ல முடிந்தால்தான் அவள் சொல்கிற ‘சரி’க்கு மதிப்பு. மறுக்க முடியாத இடத்தில் கொடுப்பது வரி. மறுக்க முடிந்தும் கொடுத்தால்தான் அது அன்பு. அவள் நாளைக்கு அண்ணனைத் தன்னோடு வைத்துக்கொள்ளலாம், வைத்துக்கொள்ளாமலும் போகலாம். இரண்டுக்கும் இடம் விட்டுவைக்க வேண்டியது என் வேலை, அவளுடையது இல்லை.

மனைவி சம்மதிக்கவில்லை. ‘‘ஏங்க, போனவ அங்கேயே இருந்துட்டா?’’ என்றாள். அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது. இல்லை என்று சொன்னால் அது பொய்.

இவ்வளவு பேச்சிலும் ஒருத்தரைக் கேட்கவே இல்லை என்று அப்புறம்தான் உறைத்தது. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம்கூட, கார்டியன் என்பவர் தானே முடிவெடுப்பவர் அல்ல, அவரோடு சேர்ந்து முடிவெடுப்பவர் என்றுதான் சொல்கிறது. நான் அவனை ஒரு ‘பொறுப்பு’ என்றே நினைத்துப் பழகிவிட்டேன். கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

‘‘பாப்பா புனேக்குப் படிக்கப் போறா. ரெண்டு வருஷம். உனக்கு ஓகேவா?’’

‘‘ஞாயித்துக்கிழமை வருவாளா?’’

‘‘போன்ல வருவா.’’

கொஞ்சம் யோசித்தான். ‘‘சரி. அப்ப அவ டம்ளர் எனக்கு.’’

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். ‘‘டம்ளரெல்லாம் தர மாட்டேன் போடா’’ என்றாள். அண்ணனை முதல் தடவையாக ‘டா’ போட்டுக் கூப்பிட்டாள். அன்று சாயங்காலமே ஃபீஸ் கட்டினேன். மறுநாள் கலெக்டர் ஆபீஸில் விண்ணப்பப் படிவம் வாங்கினேன்.

ஜூலையில் அவள் ரயில் ஏறினாள். முதல் வாரம் வீடு வீடாகவே இல்லை. அவன் தினமும் அவள் கட்டிலைப் போய்ப் பார்த்துவிட்டு வருவான். எட்டாம் நாள் காலை, பால் வாங்கப் போக வேண்டிய நேரம். கண்ணாடி முன் நின்று சட்டை மாட்டிக்கொண்டிருந்தான். உதவிக்குப் போக எழுந்த நான், கதவருகிலேயே நின்றுவிட்டேன். குனிந்து இரண்டு நுனியையும் சேர்த்துப் பார்த்தான். கீழிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு மேலே வந்தான்.

மேல் பட்டனையும் போட்டு முடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். ‘‘பாப்பாகிட்ட சொல்லு’’ என்றான்.