எழுத மறுத்தவர்களும் நம்பாமல் எழுதியவனும்

கோல் நாட்டு ட்ரூயிட்களைப் பற்றி ஜூலியஸ் ஸீஸர் எழுதிவைத்திருக்கும் சில பக்கங்களில் ஒரு தகவல் என்னைப் பல வருஷங்களாகத் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறது. இந்தப் பூசாரி வர்க்கத்தினர் தங்கள் சாஸ்திரத்தை எழுத்தில் வைப்பதைத் தகாத காரியமாகக் கருதினார்கள். மாணவன் எல்லாவற்றையும் செய்யுளாக மனனம் செய்தாக வேண்டும். சிலருக்கு இதில் 20 வருஷம் போய்விடும் என்கிறார். இதில் அதிசயமில்லை. வேதம் வாய்வழியாகவே கைமாறி வந்த தேசத்தில் இருக்கிறவர்களுக்கு மனனக் கல்வியைப் பற்றி ரோமானியத் தளபதி ஒருவர் வந்து சொல்ல வேண்டியதில்லை. தொந்தரவு அடுத்த தகவலில் இருக்கிறது, அதை அவர் போகிற போக்கில் சொல்கிறார். மற்ற காரியங்களுக்கு, பொதுக் கணக்குகளுக்கும் சொந்தக் கணக்குகளுக்கும், இவர்கள் கிரேக்க எழுத்தைப் பயன்படுத்தினார்களாம்.

ஆக எழுத்து தெரியாமல் இல்லை. தெரிந்துதான் கடவுளுக்கு அதைத் தர மறுத்தார்கள். கணக்குக்கு எழுத்து, கடவுளுக்கு ஞாபகம். நாள் முழுவதும் பிறர் கணக்கைச் சரிபார்த்துப் பிழைக்கிற எனக்கு இந்தப் பாகுபாட்டில் ஒரு சின்ன அவமதிப்புகூடத் தெரிகிறது. வாங்கினவன் இல்லையென்று சொல்லிவிடாமலிருக்க ஏற்பட்டது கணக்கெழுத்து. ஒருவரையொருவர் நம்பாததன் சாதனம் அது. நம்பிக்கையின் பிரதேசத்துக்குள் அதை விடக்கூடாது என்று அவர்கள் நினைத்திருக்கலாம். இது என் ஊகம். ஸீஸரின் ஊகங்கள் வேறு: சாஸ்திரம் பாமரர்களிடையே பரவுவதை அவர்கள் விரும்பவில்லை, எழுத்தை நம்பத் தொடங்கினால் மாணவர்கள் ஞாபகத்தை வளர்ப்பதில் அசட்டையாகிவிடுவார்கள். இரண்டாவது காரணத்தை எல்லோரும் சிலாகிக்கிறார்கள். முதல் காரணத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

விளைவு என்ன என்பதில் சந்தேகமில்லை. அந்த 20 வருஷப் பாடத்திலிருந்து ஒரு செய்யுள்கூட, ஒரு வரிகூட இன்று கிடையாது. ஆன்மா அழிவதில்லை, ஓர் உடலிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது என்று அவர்கள் போதித்ததாகத் தெரியும். தெரிவித்தவரும் ஸீஸர்தான், அவர்கள் நாட்டைப் பிடித்தவர்.

நண்பர் ஒருவர், கவிஞர், இதையே பெரிய வெற்றி என்றார். எழுதப்படாததால் அது கறைபடவில்லை, பாடத்திட்டத்தில் சேரவில்லை, உரையாசிரியன் கையில் சிக்கவில்லை, தன்னோடு தானே அணைந்துபோன ஒரே ஐரோப்பிய ஞானம் அது என்றார். நானும் ஒரு காலத்தில் இந்தக் கட்சிதான். பி.ஏ. வகுப்பில் யேட்ஸ் மூலமாக இந்தப் பக்கம் வந்தவர்களுக்கு இந்த மயக்கம் இயல்பானது. மூடுபனி, ஓக் மரம், மௌனம் என்று எல்லாம் ஒத்துப்போகிறது. இப்போது எனக்கு அது சரியாகப் படவில்லை. ஏன் என்று சொல்லிப்பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

மறுத்ததால் என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டும். அவர்கள் எழுதாமல் விட்ட இடம் காலியாக இருக்கவில்லை. வேறொருவர் எழுதினார். கோல் மக்கள் எல்லாத் தெய்வங்களிலும் மெர்க்குரியையே அதிகம் வழிபடுகிறார்கள், அதற்கடுத்து அப்போலோ, மார்ஸ், ஜூப்பிட்டர், மினர்வா என்று ஸீஸர் பட்டியல் கொடுக்கிறார். ஒரு கோல் பெயர்கூட இல்லை. அவர் பொய் சொல்லவில்லை, மொழிபெயர்த்தார். ரோமானிய வாசகனுக்குப் புரிய வேண்டுமே என்ற நல்லெண்ணம்கூட இருந்திருக்கும். ஒரு மனிதனின் தாய் பெயரென்ன என்று கேட்டால், உன் அம்மா மாதிரிதான் என்று பதில் சொல்வதுபோல இது. ஒரு நூற்றாண்டு கழித்து லூக்கன் என்ற கவிஞன் டியூட்டாடிஸ், ஈஸஸ், டரனிஸ் என்று மூன்று பெயர்களைத் தன் காவியத்தில் சொல்கிறான். அதுவும் பயமுறுத்துவதற்காக, நரபலி கேட்கும் கோரங்களாக.

நியாயமாகக் கேள்விப்படவேண்டிய பெயர்களை நாம் கேள்விப்படுவது படகுக்காரர்களிடமிருந்து. 1711ல் பாரிஸ் நோத்ர்தாம் தேவாலயத்துக்கு அடியில் தோண்டும்போது சில செதுக்குக் கற்கள் கிடைத்தன. டைபீரியஸ் சக்ரவர்த்தி காலத்தில், கி.பி. 14க்கும் 37க்கும் இடையில், ஸீன் நதிப் படகோட்டிகள் சங்கம் ஜூப்பிட்டருக்கு நிறுவிய தூண் அது. ஜூப்பிட்டரும் வல்கனும் இருக்கிறார்கள். கூடவே மரத்தை வெட்டிக்கொண்டு ஈஸஸ் நிற்கிறான். மூன்று கொக்குகளோடு ஒரு காளை. மான்கொம்பு முளைத்த தலையோடு, கொம்புகளில் வளையங்கள் தொங்க, ஒருவன். ஒவ்வொருவர் தலைக்கு மேலும் ரோமானிய எழுத்தில் பெயர். கொம்புள்ளவன் கெர்னுன்னோஸ். அந்த முதல் எழுத்து இன்று கல்லில் இல்லை.

ட்ரூயிட் கண்ணில் இந்தப் படகுக்காரர்கள் துரோகிகள். ஜெயித்தவன் எழுத்தில், ஜெயித்தவன் சக்ரவர்த்தி பெயரைச் சொல்லி, ஜெயித்தவன் கடவுள் பக்கத்தில் தம் கடவுளை நிறுத்தியிருக்கிறார்கள். ஆனால் கெர்னுன்னோஸ் என்ற பெயர் நம்மை வந்தடைந்தது இந்தச் சமரசத்தால்தான். கொம்புத் தெய்வத்தைப் பற்றி இன்று எழுதப்படும் ஆயிரக்கணக்கான பக்கங்களும் இந்த ஒரு கல்லில் தொங்குகின்றன. 1891ல் டென்மார்க்கின் கரிச்சதுப்பு ஒன்றில் கிடைத்த குண்டஸ்ட்ரப் வெள்ளிக் கொப்பரையில் கொம்புகளோடு சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கும் உருவத்தையும் அதே பெயரால் அழைக்கிறார்கள். அந்தக் கொப்பரையில் எழுத்தே கிடையாது.

படகுக்காரர்களையும் விடக் கீழே இறங்கலாம். மத்திய பிரான்ஸில் ஷமாலியேர் என்ற இடத்து நீரூற்றில், 1968க்குப் பிறகு நடந்த அகழாய்வில், ஆயிரக்கணக்கான மரச்சிற்பங்கள் வெளிவந்தன. கை, கால், முழு உருவங்கள், தலைகள். ஸீன் நதியின் ஊற்றுக்கண்ணில் ஸெக்வானா தேவிக்குச் செலுத்தியவையும் இதே ரகம். வலி உள்ளவர்கள் வலித்த இடத்தைச் செதுக்கிக்கொண்டுவந்து தண்ணீரில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஷமாலியேரில் 1971ல் ஓர் ஈயத்தகடும் கிடைத்தது. கோல் மொழி, ரோமானியக் கையெழுத்து. மபோனோஸ் என்ற தெய்வத்தை விளித்து ஏதோ வேண்டுதல். முழுப் பொருளும் இன்னும் பிடிபடவில்லை. ட்ரூயிட்கள் தகாது என்ற காரியத்தை அந்த மக்களிலேயே ஒருவன் ஓர் ஆணிமுனையால் செய்துவிட்டான். அவனுக்கு அவசரம். 20 வருஷம் காத்திருக்க முடியாத ஏதோ ஒன்று.

இந்த இடத்தில்தான் ஸீஸரின் முதல் காரணம் நினைவுக்கு வருகிறது. பாமரர்களிடம் பரவக்கூடாது. எழுத மறுத்தது பவித்திரத்துக்காக மட்டும் என்றால் மரியாதை செய்யலாம். ஆனால் ஞாபகம் என்பது ஒரு பெட்டகம், சாவி ஒரு வர்க்கத்தின் கையில். அந்த வர்க்கம் போனால் பெட்டகமும் போகும். போயிற்று. டைபீரியஸும் கிளாடியஸும் ட்ரூயிட்களை ஒடுக்கினார்கள். கி.பி. 60 வாக்கில் ஸ்யூட்டோனியஸ் பாலினஸ் பிரிட்டனின் மோனா தீவுக்குள் படையோடு புகுந்து புனிதத் தோப்புகளை வெட்டிச் சாய்த்ததை டாஸிட்டஸ் சொல்கிறார். மரச்சிற்பம் போட்டவர்களுக்குத் தங்கள் தெய்வத்தின் சாஸ்திரம் என்னவென்று யாரும் சொல்லித்தந்திருக்கவில்லை. காப்பாற்றும் உரிமையும் அவர்களுக்குத் தரப்படவில்லை.

பிற்பாடு யாரோ பயந்திருக்கிறார்கள். 1897ல் கோலிஞி கிராமத்துக்கருகில் உடைந்த வெண்கலத் துண்டுகளாகக் கிடைத்த நாட்காட்டி கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். கோல் மொழியில், ரோமானிய எழுத்தில், 5 வருஷத்துக்கு 62 மாதங்கள். நல்ல மாதம், நல்லதல்லாத மாதம் என்று குறிப்புகள். ஞாபகம் நழுவிக்கொண்டிருந்த காலத்தில் எவனோ கடைசியில் உலோகத்தில் வெட்டிவைத்திருக்கிறான் என்று நினைக்கத் தோன்றுகிறது. பஞ்சாங்கமும் ஒருவகைக் கணக்குதான் என்று சமாதானம் செய்துகொண்டிருப்பானோ என்னவோ.

கோல் நாட்டில் பெயர் இருக்கிறது, உருவம் இருக்கிறது, கதை இல்லை. அயர்லாந்தில் நேர்மாறு. அங்கே ரோமானியப் படை போகவில்லை; லத்தீன் எழுத்து கிறிஸ்துவத்தோடு வந்தது. கதைகளையெல்லாம் எழுதிவைத்தது கிறிஸ்துவ மடங்களின் கல்வி. வழிபாடு நின்று பல நூற்றாண்டுகள் ஆனபிறகு, தெய்வங்கள் மனிதர்களாக்கப்பட்டு வருகிறார்கள். டானுவின் கூட்டத்தார் நோவாவின் வம்சாவளியில் சொருகப்பட்டு அயர்லாந்துக்குக் குடியேறிய இனங்களில் ஓர் இனமாகிறார்கள். பிரிஜித் என்ற தேவியைக் கவிகள் வழிபட்டதாக 900ஐ ஒட்டிய ஓர் அகராதி சொல்கிறது. அதே பெயரில் கில்டேரில் ஒரு புனிதவதி, அவள் திருநாளும் பழைய வசந்தப் பண்டிகையின் பிப்ரவரி 1தான். 2023லிருந்து அயர்லாந்தில் அவள் பெயரால் பொது விடுமுறை விடுகிறார்கள். ஒரு தேவி கடைசியில் வங்கிக்காரர்களுக்கு அருள்பாலிக்கும் நிலைக்கு வந்திருக்கிறாள்.

லைன்ஸ்டர் புத்தகம் என்ற 12ஆம் நூற்றாண்டுச் சுவடியில் 'தாய்ன்' என்ற பெரும் கதை, குஹூலினும் மேவ் ராணியும் காளைக்காகப் போரிடும் கதை, முடிகிற இடத்தில் இரண்டு குறிப்புகள் உண்டு. முதலாவது ஐரிஷ் மொழியில். இந்தக் கதையை இந்த வடிவிலேயே விசுவாசமாக மனனம் செய்து, வேறு வடிவம் எதையும் அதற்குத் தராதவர்களுக்கு ஆசீர்வாதம். இரண்டாவது லத்தீனில். இதை எழுதிய நான் இதிலுள்ள பலவற்றை ஏற்கவில்லை, சில பேய்களின் வஞ்சனை, சில கவிகளின் கற்பனை, சில மூடர்களின் சந்தோஷத்துக்காக ஏற்பட்டவை என்கிற பொருளில் ஒரு கைகழுவல்.

இதைக் கோழைத்தனம் என்றோ இரட்டை வேஷம் என்றோ சொல்வது சுலபம். மேலிடத்துக்குப் பயந்து போட்ட குறிப்பு என்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பயந்தவனுக்கு எளிய வழி ஒன்று உண்டு: எழுதாமலிருப்பது. தோல் விலை போகிற பொருள். அதில் ஜெபம் எழுதியிருக்கலாம். இவன் முழுக்க எழுதினான். பேயின் வஞ்சனை என்று எதை நினைத்தானோ அதை வெட்டிவிட்டு நகல் செய்யவில்லை. தன் அபிப்பிராயத்தைக் கதைக்குள் கலக்காமல், கதை முடிந்த பிறகு, வேறு மொழியில், வெளியே வைத்தான். நகலெடுப்பவனின் ஒழுக்கம் என்று ஒன்று இருக்கிறது; அது நம்பிக்கையிலிருந்து வர வேண்டியதில்லை. அசலில் தப்பாகப் படுவதை நகலில் திருத்தக்கூடாது என்பது என் தொழிலிலும் பால பாடம். ஆட்சேபம் இருந்தால் தனியாக எழுத வேண்டும்.

நோவாவைச் சேர்த்ததும் இதே மடத்துக் கைகள்தானே என்று கேட்கலாம். வாஸ்தவம். அவர்களை நான் சேர்த்து மன்னிக்கவில்லை. இந்த ஒருவனைச் சொல்கிறேன்.

நம்பிக்கையுள்ளவன் செய்ததையும் பார்த்துவிடலாம். வேல்ஸ் நாட்டுக் கல்தச்சன் எட்வர்ட் வில்லியம்ஸ், இயோலோ மோர்கன்னுக் என்ற புனைபெயருக்காரன், ட்ரூயிட் மரபு தன் ஊரில் அறுபடாமல் வந்திருக்கிறது என்று ஊரை நம்பவைத்தான். 1792ல் லண்டன் பிரிம்ரோஸ் குன்றில் கற்களை வட்டமாக வைத்துச் சடங்கு நடத்தினான். சாஸ்திரம், செய்யுள், எழுத்துமுறை என்று இல்லாததையெல்லாம் தானே இயற்றிப் பழைய சுவடியில் கண்டதாகச் சொன்னான். கிரிஃபித் ஜான் வில்லியம்ஸ் என்ற அறிஞர் 20ஆம் நூற்றாண்டில் பொறுமையாக உட்கார்ந்து இந்தப் போலிகளைப் பிரித்துக் காட்டினார். இயோலோ சாமானியன் அல்ல, உண்மையான கவி, வேல்ஸ் மொழிமேல் வெறிகொண்ட நேசம். அந்த நேசம்தான் பொய் சொல்ல வைத்தது. அவன் இட்டுக்கட்டிய சடங்கு வேல்ஸ் தேசிய விழாவில் வருஷந்தோறும் நடக்கிறது, கவிகளுக்கு அதில் மரியாதை கிடைக்கிறது. 200 வருஷத்துக்கு மேல் மனிதர்கள் மனப்பூர்வமாகச் செய்துவந்த ஒன்றைப் போலி என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. மெய் என்று சொல்லவும் முடியவில்லை. ஆனால் அந்த லத்தீன் குறிப்புக்காரனுக்கும் இவனுக்கும் நடுவில் யாரிடம் என் முன்னோர் கதையை ஒப்படைப்பேன் என்று கேட்டால் யோசிக்க மாட்டேன்.

கவிஞ நண்பரிடம் இதையெல்லாம் சொன்னபோது, நீ குமாஸ்தாவுக்கு வக்காலத்து வாங்குகிறாய், தோப்பைப் பார்க்க மறுக்கிறாய் என்றார். தோப்பையும் பார்த்துவிடலாம். பாலினஸ் புகுந்த அந்த மோனா தீவு இன்றைய ஆங்கிள்ஸி. அங்கே லின் கெரிக் பாக் என்ற சிறு ஏரியில் அந்த மக்கள் காலங்காலமாகத் தெய்வத்துக்கென்று பொருள்களைப் போட்டுவந்திருக்கிறார்கள். வாள், ஈட்டி, தேர்ச் சக்கரத்தின் இரும்பு, சேணத்தின் பாகங்கள். அவற்றோடு ஒரு நீண்ட இரும்புச் சங்கிலி, 5 கழுத்து வளையங்களோடு. அடிமைகளையோ கைதிகளையோ வரிசையாகப் பூட்டி நடத்திச் செல்வதற்கு. மௌனத்துக்கும் ஓக் மரத்துக்கும் அடியில் இதுவும் இருந்தது. தெய்வம் ஏற்றுக்கொண்டது.

1942ல் யுத்தத்துக்காக அங்கே விமானதளம் கட்டியபோது, மணலை மூட ஏரிச் சேற்றை வாரிக் கொட்டினார்கள். சேற்றோடு சங்கிலியும் வந்தது. பழசு என்று யாருக்கும் தெரியவில்லை. சகதியில் லாரிகள் மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் அதை டிராக்டரில் கட்டி இழுத்திருக்கிறார்கள். 2,000 வருஷத்து இரும்பு, அறுந்துபோகவில்லை.