இல்லாமையும் தெரிவும்: துவிச்சக்கரவண்டி பற்றிய ஓர் அறவியல் நோக்கு

ஒரு செயலை அறச்செயல் என்று கொள்வதற்கு, அதனைச் செய்தவன் வேறொன்றைச் செய்யக்கூடிய நிலையிலும் இருந்திருத்தல் வேண்டுமா என்பது மெய்யியலாளர் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் வினாவாகும். நூல்களுக்குள் அடங்கிக் கிடப்பதாகத் தோன்றும் இவ்வினா 2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலே இலங்கையின் வீதிகளுக்கு வந்து சேர்ந்தது. அந்நியச் செலாவணி வற்றிய நிலையில், யூன் மாத இறுதியிலிருந்து யூலை 10ஆந் திகதி வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மாத்திரமே எரிபொருள் வழங்கப்படும் என்று அரசாங்கம் அறிவித்தது. எரிபொருள் நிலையங்களின் முன்னே நாட்கணக்கில் நீண்ட வரிசைகளிலே சிலர் உயிரும் நீத்தனர். மோட்டார் வாகனத்தையன்றி வேறொன்றை நினைத்தறியாதோரும் அவ்வேளை துவிச்சக்கரவண்டியைத் தேடிச் சென்றனர். அதன் விலை ஏறியது; விலையோடு புகழும் ஏறியது. சூழலுக்கு உகந்தது, உடலுக்கு நல்லது, நாட்டின் செல்வத்தை மீதப்படுத்துவது என்றெல்லாம் அதற்கு மாலைகள் சூட்டப்பட்டன.

இம்மாலைகளைத் தலைமன்னாரிலிருந்து நோக்குவோருக்கு அவை சற்று விசித்திரமாகவே தோன்றும். அங்கு துவிச்சக்கரவண்டி என்றும் உள்ள பொருள். அதை எவரும் ஒரு கொள்கையாகக் கண்டதில்லை. மன்னார் நகரிலிருந்து பேசாலை வழியாகத் தலைமன்னார் இறங்குதுறை வரை ஏறக்குறைய 30 கிலோமீற்றர். மேடுபள்ளமற்ற மணற்றரை ஆதலின் மிதிப்பதற்கு இலகுவானது என்று வரைபடத்தைப் பார்ப்பவர் கருதுவர். சோழகம் வீசும் மாதங்களிலே அவ்வீதியிற் சென்றவர் அவ்வாறு கூறார். தீவின் தென்கரையோரமாக 2020இல் 30 காற்றாலைகள் நிறுவப்பட்டமைக்குக் காரணமான அதே காற்றுத்தான் பக்கவாட்டிலே வந்து வண்டியைத் தள்ளுகின்றது. அக்காற்றிலே மின்சாரம் எடுக்கலாம் என்பதை அறிந்தவர்கள், அதே காற்றினூடே மிதித்துச் செல்பவர்களைப் பற்றி அதிகம் எண்ணியதாகத் தெரியவில்லை.

மனிதர் எவ்வாறு பயணஞ்செய்வது என்பதைப் பயணஞ்செய்வோர் தீர்மானித்த காலம் இக்கரையிலே அரிது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை வரை கால்நடையாகச் சென்றனர்; நோயாலும் நீரின்மையாலும் வழியிலே மாண்டோர் பலர். 1914இல் புகையிரதப் பாதை தலைமன்னாருக்கு வந்தது. தனுஷ்கோடியிலிருந்து கப்பலும் வந்தது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபின் இராமேஸ்வரத்திலிருந்து தொடர்ந்த அக்கப்பற் சேவையும் 1984இல் நின்றது. 1990இல் புகையிரதமும் நின்றது. அவ்வாண்டின் ஒக்டோபரிலே விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் கையில் எடுத்துச்செல்லத் தக்கவற்றோடு மாத்திரம் தீவை விட்டு நீங்கினர். தண்டவாளம் மீண்டும் இறங்குதுறையைத் தொட்டது 2015 மார்ச்சில். இடைப்பட்ட கால் நூற்றாண்டிலே பொருளாதாரத் தடைக்குள்ளான வடபகுதியின் பெரும்பரப்பில் துவிச்சக்கரவண்டியே நோயாளியைச் சுமந்தது, விறகைச் சுமந்தது, இடம்பெயர்ந்தோரின் பாயையும் பாத்திரத்தையும் சுமந்தது. மின்கலம் கிடையாத இரவுகளிலே அதன் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர்.

அன்று அவ்வாறு மிதித்தவர்களைச் சூழலுக்கு உகந்த வாழ்வினர் என்று ஒருவர் பாராட்டியிருப்பின் அதனை அவர்கள் கேலியாகவே கொண்டிருப்பர். ஆயின், வெளியேறிய புகையின் அளவை மட்டும் கணக்கிட்டால், அவர்களுடைய வாழ்வைவிடத் தூயது வேறில்லை. கணக்கு சரியாயிருந்தும் பாராட்டு ஏன் பிழையாகின்றது?

அமர்த்தியா சென் எடுத்துக்காட்டும் ஒரு வேறுபாடு இங்கு பொருந்துவது. நோன்பு நோற்கும் செல்வனும் பட்டினி கிடக்கும் ஏழையும் உட்கொள்ளும் உணவு ஒன்றுதான். இருவர் வயிறும் வெறுமையே. எனினும் முன்னவனுக்கு உண்ணும் வாய்ப்பு இருந்தது, பின்னவனுக்கு இல்லை. எனவே ஒருவன் என்ன செய்கின்றான் என்பதை மாத்திரமன்றி, என்ன செய்ய இயலுமாயிருந்தான் என்பதையும் நோக்கியே அவனது நிலையை மதிப்பிடல் வேண்டும் என்பது அவர் வாதம். கொழும்பிலே காரை வீட்டில் நிறுத்திவிட்டு வண்டியேறியவர் நோன்பாளர். பேசாலைச் சந்தைக்கு மிதித்துச் சென்றவர் எவ்வகையினர் என்பது சொல்லாமலே விளங்கும்.

ஆயினும் இவ்வேறுபாட்டோடு நின்றுவிடுதல் அம்மனிதருக்கு நியாயஞ்செய்வதாகாது. இல்லாமையிலே செய்ததில் அறமே இல்லை என்று கூறின், போர்க்காலத்திலே பிறர் நோயாளியைப் பல கட்டை தூரம் ஏற்றிச் சென்றவனின் பெருமையும் கழிந்துபோம். அரிஸ்டோட்டில் இத்தகைய செயல்களை வேறு வகையில் நோக்கினார். புயலிலே சரக்கைக் கடலில் எறியும் மாலுமி அதனை விரும்பிச் செய்வதில்லை. எனினும் அவ்வேளையிலே அதனைத் தெரிந்தே செய்கின்றான். விருப்பும் கட்டாயமும் கலந்த செயல் அது, பாராட்டுக்கும் உரியதாகலாம். பாக்கு நீரிணையின் கரையிலே வாழ்வோருக்கு இவ்வுவமை விளக்கம் வேண்டாதது. அரிஸ்டோட்டில் கேளாத ஒரு வினாவையும் அவர்கள் கேட்கக்கூடும்: மாலுமியைப் பாராட்டுவது யார்? உடன்பயணி பாராட்டலாம், பிற்காலத்தவர் பாராட்டலாம். கப்பலைப் புயலுக்குள்ளே செலுத்தியவன் அப்பாராட்டை வழங்குவானாயின், அது தன் பொறுப்பை மறைக்கும் சொல்லாகவே முடியும். அரசு தன் குடிகளின் சிக்கனத்தைப் புகழும்போது எழும் அறச்சிக்கல் இதுவே.

2022 யூலையிலே தேசிய எரிபொருள் அனுமதி முறை வந்தது. காருக்கு வாரத்திற்கு 20 இலீற்றர், முச்சக்கரவண்டிக்கு 5, மோட்டார்ச் சைக்கிளுக்கு 4. வரிசைகளைக் குறைத்த வகையில் அது பயனுள்ள ஏற்பாடே. ஆயின் பங்கீடு வாகனத்திற்கு அளிக்கப்பட்டதேயன்றி மனிதனுக்கு அளிக்கப்படவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. பெரிய வாகனம் உடையவனுக்குப் பெரிய பங்கு; துவிச்சக்கரவண்டி உடையவனுக்கும் கால்நடையாகச் செல்பவளுக்கும் பூச்சியம். அவர்களுக்குப் பெற்றோல் தேவையில்லையே என்று விடை கூறலாம். அவ்விடை போதாது. பெற்றோலாக வந்திறங்கியது நாட்டின் பொதுச் செலாவணி; மிதித்தவனுக்கும் அதிலே பங்குண்டு. அவன் பங்கு ரயராகவோ, ரியூப்பாகவோ, ஊருக்கு வரும் ஒரு பேருந்தாகவோ கிடைத்திருக்கலாம்.

அதே ஆண்டு ஓகஸ்டிலே மண்ணெண்ணெய் இலீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. வெளியிணைப்பு இயந்திரப் படகுகள் மண்ணெண்ணெயிலேயே ஓடுவன. வீதியிலே செல்பவனுக்கு மிதிப்பதென்ற மாற்றாவது இருந்தது. கடலுக்குச் செல்பவனுக்கு அதுவுமில்லை. சிக்கனத்தை ஒரு பொது அறமாக எல்லோருக்கும் ஒரே குரலிலே போதிப்பதன் குறைபாட்டைக் காட்ட இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

வேகம் குறைந்த சமுதாயமே சமத்துவச் சமுதாயம் என்று 1970களிலே வாதிட்டவர் இவான் இல்லிச். சராசரி அமெரிக்கன் ஒருவன் தன் காருக்காக உழைக்கும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, அவன் மணிக்கு ஐந்து மைலுக்கும் குறைவான வேகத்திலேயே செல்கின்றான் என அவர் காட்டினார். கூர்மையான கணக்கு, வேகத்தை வழிபடும் எவரும் அதனை ஒருமுறை எண்ணிப்பார்த்தல் நன்று. எனினும் நள்ளிரவிலே பிரசவ வேதனையுறும் பெண்ணைத் தலைமன்னாரிலிருந்து மன்னார் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டியவர்களுக்கு அக்கணக்கு உதவாது. வேகமும் சில வேளைகளில் உரிமையாகின்றது.

தட்டுப்பாட்டிலே தோன்றிய பழக்கம் தட்டுப்பாடு தீர்ந்தபின் என்னாகும் என்பதற்கு வரலாறு இருவேறு விடைகளைத் தருகின்றது. சோவியத் எண்ணெய் நின்ற 1990களிலே கியூபா பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட சீனத் துவிச்சக்கரவண்டிகளைத் தருவித்தது. நெருக்கடி தளர்ந்ததும் மக்கள் பெரும்பாலும் அவற்றைக் கைவிட்டனர். ஒல்லாந்திலே 1973 நவம்பரில் எண்ணெய் நெருக்கடியால் ஞாயிற்றுக்கிழமைகளிற் கார்கள் தடைசெய்யப்பட்டன. ஆயின் அங்கு வீதிகளிலே பிள்ளைகள் வாகனங்களால் கொல்லப்படுவதற்கெதிரான மக்கள் இயக்கம் ஏற்கெனவே எழுந்திருந்தது. எண்ணெய் மீண்டும் வந்தபின்னரும் அரசு தனிப்பாதைகளை அமைத்துக்கொண்டே சென்றது. முன்னையது இல்லாமை, பின்னையது தெரிவு. மன்னார் நகரிலே உரிமையாளரின்றித் திரியும் கழுதைகளும், ஒருகாலத்தில் பொதி சுமந்து, மோட்டார் வந்ததும் கைவிடப்பட்டவற்றின் வழிவந்தவையே. கட்டாயத்தினால் மட்டும் பேணப்படுவது கட்டாயத்தோடு கழிந்துவிடும்.

துவிச்சக்கரவண்டி இல்லாமையின் அடையாளமாகவே இருத்தல் வேண்டும் என்பதில்லை. நீரிணையின் மறுபுறத்திலுள்ள புதுக்கோட்டை மாவட்டத்திலே 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிக்கவும் கற்பித்தபோது, பல்லாயிரம் கிராமப் பெண்கள் வண்டியேறினர். ஊராரின் ஏளனத்தையும் அவர்கள் பொருட்படுத்தவில்லை. தந்தையோ கணவனோ அழைத்துச்செல்லும்வரை காத்திராது சந்தைக்கும் வேலைத்தலத்திற்கும் செல்ல முடிந்தமையே அவர்கள் பெற்ற பேறு. கியூபாவிலே இழந்த ஒன்றுக்கு ஈடாக வந்த அதே பொருள் இங்கு முன்பு இல்லாத ஒன்றைத் தந்தது. வண்டி ஒன்றுதான், அது ஒருவரின் இயலுமையைக் கூட்டிற்றா, குறைந்ததற்கு ஈடுசெய்ததா என்பதே வேறுபாடு.

ஆகவே, துவிச்சக்கரவண்டிக்கான அரச கொள்கை ஒன்றைத் தலைமன்னார் வீதியிலே சோதிப்பவர், எத்தனை பேர் மிதிக்கின்றனர் என்று எண்ணுவதோடு அமையலாகாது. லொறிகள் விரையும் வீதியின் ஓரத்திலே வண்டிக்கென்று இடம் உண்டா, வெயிலுக்கு ஒதுங்க மரம் உண்டா, புகையிரதத்திலே வண்டியை ஏற்றிச்செல்ல வசதியும் நியாயமான கட்டணமும் உண்டா, மாலையிலே கடைசிப் பேருந்து சொன்ன நேரத்திற்கு வருகின்றதா என்பனவே அங்கு வினாக்கள். பேருந்தைக் குறைத்துவிட்டு வண்டியைப் புகழ்வது எளிது; செலவுமில்லை. பேசாலையிலிருந்து நாள்தோறும் வகுப்புக்கு மிதித்துச்செல்லும் மாணவி ஒருத்தி, சோழகம் மிகுந்த ஒரு காலையிலே வண்டியை வீட்டில் விட்டுப் பேருந்துக்காக வீதியோரம் நிற்கின்றாள் எனக் கொள்வோம். அன்று பேருந்து வருமாயின், மறுநாள் அவள் மீண்டும் வண்டியை எடுப்பதைத் தெரிவு எனலாம்.