அரங்கனிடம் ஒரு தாய் கேட்டது

ஜூன் பிறந்துவிட்டால் திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றி ஒரு கூட்டம் தனியாகத் தெரியும். அப்பா கையில் சான்றிதழ் கோப்பு, அம்மா தோளில் துணிப்பை, நடுவில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை. மெயின்கார்டு கேட், தெப்பக்குளம், நந்தி கோயில் தெரு என்று நடக்கும்போதே அவர்களுடைய கண் வேறொரு கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கும். டாஸ்மாக் எவ்வளவு தூரம், தெருவிளக்கு ஒழுங்காக எரியுமா, பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறவர்கள் எப்படிப்பட்டவர்கள், விடுதி ஜன்னலுக்குக் கம்பி உண்டா. டீக்கடையில் ஒரு டீ வாங்கிக்கொண்டு அப்பா மெதுவாகக் கேட்பார்: "ஏரியா எப்படிங்க? பொம்பளப் புள்ளைய விட்டுட்டுப் போகலாமா?"

அப்படி நம்பி விட்டுவிட்டுப் போவது இந்த ஊருக்குப் புதிதல்ல. 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கிய புனித வளனார் கல்லூரி 1883இல் திருச்சிக்கு வந்தது. ஹோலி கிராஸ் கல்லூரி 1923 முதல் பெண்களுக்குக் கல்வி தருகிறது. ராமேஸ்வரத்துப் படகுக்காரர் வீட்டிலிருந்து வந்த அப்துல் கலாம் வளனார் கல்லூரி விடுதியில் தங்கிப் படித்து, 1954இல் பட்டம் பெற்றார். ஸ்ரீரங்கத்துப் பையனான எழுத்தாளர் சுஜாதா காவிரியைத் தாண்டி வந்து படித்ததும் அதே கல்லூரியில்தான். மசூதித் தெருவில் வளர்ந்த பிள்ளையும் மடப்பள்ளி வாசனையில் வளர்ந்த பிள்ளையும் ஏசு சபைப் பாதிரியார்களிடம் ஒப்படைக்கப்பட்டார்கள்.

பிள்ளையைச் சேர்த்த கையோடு பல குடும்பங்கள் கோயிலுக்குப் போகும். மலைக்கோட்டை, சமயபுரம், திருவானைக்கா, ஸ்ரீரங்கம் என்று எதற்கும் இங்கே குறைவில்லை. "நீதான் பாத்துக்கணும்" என்று கைகூப்பிவிட்டு வெளியே வந்ததும், அதே அம்மா விடுதிக் காப்பாளருக்குப் போன் போட்டு, "கேமரா வேலை செய்யுதுங்களா?" என்று கேட்பார். சிலருக்கு இது முரணாகப் படுகிறது. தெய்வத்திடம் ஒப்படைத்த பிறகு கேமரா எதற்கு? கேமராவை நம்புவதானால் கற்பூரம் எதற்கு? இந்தக் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஸ்ரீரங்கத்து ஆசாரியர்கள் பல தலைமுறைகளாக மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வியே இதுதான்.

வைணவத்தில் வடகலை, தென்கலை என்ற பிரிவுக்கு அடியில் இருக்கும் விவாதத்தை, குரங்குக் குட்டி, பூனைக் குட்டி என்ற உவமையோடு ஊரில் எல்லோரும் சொல்வார்கள். குரங்குக் குட்டி தாயை இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். பூனைக் குட்டி சும்மா இருந்தால் போதும், தாய் கவ்விக்கொண்டு போகும். உயிர் தன் பங்குக்கு முயல வேண்டுமா, எல்லாவற்றையும் இறைவனிடம் விட்டுவிட வேண்டுமா என்பது வழக்கு. இரண்டாம் பக்கமான தென்கலையின் பெரிய ஆசாரியர் பிள்ளை லோகாசாரியர். அப்படியானால் அவருடைய நூலில், கவலையை விட்டொழி என்றுதானே எழுதியிருக்க வேண்டும்?

ஸ்ரீவசன பூஷணத்தில் அவர் செய்திருப்பது இன்னும் நுட்பமானது. அறிவின் நிலையில் நின்று பார்த்தால் இறைவன் காப்பவன், உயிர் காக்கப்படுவது. அன்பு முற்றிய நிலையில் இந்த முறை தலைகீழாகிவிடுகிறது என்கிறார். அன்பு வைத்தவன், எல்லாம் வல்லவனுக்கே ஏதாவது ஆகிவிடுமோ என்று பதறத் தொடங்குகிறான். இதற்கு அவர் காட்டும் ஆள் பெரியாழ்வார். மதுரையில் பாண்டியன் அவையில் வென்று யானைமேல் பவனி வரும்போது, கருடன்மேல் பெருமாள் வானத்தில் தோன்றுகிறார். வரம் கேட்டிருக்கலாம். ஆழ்வாருக்கோ கண்பட்டுவிடுமே என்ற அச்சம். யானையின் மணிகளைத் தாளமாகக் கொண்டு இறைவனுக்கே பல்லாண்டு பாடிவிட்டார் என்பது குருபரம்பரை சொல்லும் வரலாறு. மற்ற ஆழ்வார்களுக்கு எப்போதாவது வரும் இந்த நிலை பெரியாழ்வாருக்கு நிலையானது என்பது லோகாசாரியரின் கணிப்பு.

அந்தப் பெரியாழ்வார்தான் ஆண்டாளின் தந்தை. ஒரே மகளை அழைத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் வந்து, அரங்கனிடம் விட்டுவிட்டுத் தனியாக ஊர் திரும்பியவர். அவருடைய திருமொழியில் கண்ணனோடு போய்விட்ட மகளை நினைத்துப் புலம்பும் ஒரு தாய் வருகிறாள். மருமகளை யசோதை சரியாக நடத்துவாளா, விடியுமுன் எழுந்து தூங்காமல் தயிர் கடைய இந்தப் பெண்ணால் முடியுமா என்று அவள் கவலை ஓடுகிறது. போனது சாட்சாத் பெருமாள் வீட்டுக்கு. அதற்கும் அந்தத் தாய் 'ஏரியா எப்படி' என்று கேட்கத்தான் செய்கிறாள். தமிழ் பக்தி மரபு அவளை நம்பிக்கை குறைந்தவள் என்று ஒதுக்கவில்லை. அவள் சொல்லை வேதத்துக்குச் சமமாக வைத்து ஓதுகிறது.

ஆகவே, விடுதி வாசலில் நிற்கும் பெற்றோரின் பயம் பக்திக்கு எதிரானதல்ல. அந்தப் பயம் கையில் எதை எடுக்கிறது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

பெரும்பாலும் அது எடுப்பது சுவரை. காம்பவுண்டு உயரமா, கேட்டில் வாட்ச்மேன் உண்டா, எத்தனை மணிக்குச் சாத்துவார்கள். சுவரைப் பற்றிப் பேச ஸ்ரீரங்கத்தைவிடத் தகுந்த ஊர் வேறு இல்லை. ஏழு மதில்களுக்குள் கோயிலும் தெருக்களுமாக ஒன்றுக்குள் ஒன்று அடங்கிய ஊர் அது. 1323இல் டில்லிப் படை வந்தபோது மதில்கள் நின்ற இடத்தில்தான் நின்றன. மூலவரின் சன்னதியைக் கல்திரையிட்டு மறைத்துவிட்டு, உற்சவரான நம்பெருமாளைத் தூக்கிக்கொண்டு ஒரு சிறு கூட்டம் தெற்கே கிளம்பியது. அந்தக் கூட்டத்தின் தலைவர், முதிர்ந்த வயதிலிருந்த அதே பிள்ளை லோகாசாரியர். இறைவன் காப்பான், நீ சும்மா இரு என்று போதித்த மரபின் குரு, இறைவனைக் காட்டு வழியே சுமக்க வைத்துக் காப்பாற்றினார். மதுரை யானைமலைப் பக்கத்தில் ஜோதிஷ்குடி என்ற ஊரில் அவர் உயிர் பிரிந்தது. நம்பெருமாள் ஊர் திரும்ப 1371 ஆயிற்று. ஸ்ரீரங்கத்திலேயே சிக்கிய வடகலையின் பெரிய ஆசாரியர் வேதாந்த தேசிகர் பிணங்களுக்கு நடுவே படுத்து, சுதர்சன சூரி என்ற ஆசாரியரின் இரண்டு பிள்ளைகளையும் அவர் எழுதிய உரைச் சுவடியையும் காப்பாற்றினார் என்பது மரபு. வடகலைக்கும் தென்கலைக்கும் அந்த நாளில் வேறுபாடு இருக்கவில்லை. இரு தரப்பிலும் காத்தது, பக்கத்தில் இருந்த மனிதர்கள்.

சுவர் சொல்லும் பொய்யை அறிய அமெரிக்காவில் ஒரு குடும்பம் கொடுத்த விலை மிகப் பெரிது. ஜீன் கிளரி என்ற பெண்ணை, அவளுடைய அண்ணன்கள் படித்த துலேன் பல்கலைக்கழகத்தில் சேர்ப்பதாக இருந்தார்கள். அங்கே ஒரு மாணவி கொலையானதைக் கேள்விப்பட்ட பெற்றோர் மனத்தை மாற்றிக்கொண்டு, அமைதியான சிற்றூர்ச் சூழலில் இருந்த லீஹை பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஊரைப் பார்த்தார்கள், மரங்களைப் பார்த்தார்கள், நிம்மதி அடைந்தார்கள். 1986 ஏப்ரலில் விடுதி அறையிலேயே அவள் கொல்லப்பட்டாள். செய்தவன் அதே பல்கலைக்கழகத்தின் மாணவன். பூட்டியிருக்க வேண்டிய கதவுகள் திறந்து கிடந்தன. அந்தப் பெற்றோர் ஓயாமல் போராடியதால், வளாகத்தில் நடக்கும் குற்றங்களைக் கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்ற சட்டம் 1990இல் வந்தது.

நம் பக்கத்துக் கதையும் வேறல்ல. 1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் விடுதிக்குள்ளேயே மூத்த மாணவரால் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. 2024 டிசம்பரில் மாணவி ஒருவர் வன்கொடுமைக்கு ஆளானது, ஆளுநர் மாளிகைக்குப் பக்கத்திலிருக்கும் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில். சென்னையில் அதைவிடப் 'பாதுகாப்பான ஏரியா' எது?

திருச்சிக்கே வருவோம். தஞ்சாவூர் சாலையில் துவாக்குடியை ஒட்டி 800 ஏக்கரில் விரிந்திருக்கிறது தேசியத் தொழில்நுட்பக் கழகம். சுற்றுச்சுவர், காவலர்கள், அடையாள அட்டை என்று பெற்றோர் தேடும் எல்லாம் அங்கே உண்டு. 2024 ஆகஸ்ட் கடைசியில், இணைய இணைப்பு வேலைக்காக மாணவியர் விடுதிக்குள் வந்த ஒப்பந்தத் தொழிலாளர் ஒருவர் ஒரு மாணவி முன்னால் ஆபாசமாக நடந்துகொண்டதாகக் கைதானார். மாணவர்களை அதைவிடக் கொதிக்க வைத்தது, புகார் சொன்ன பெண்ணின் உடையைக் குறைசொல்லும்படி காப்பாளர் பேசினார் என்ற செய்தி. இரவெல்லாம் வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். காப்பாளர் மன்னிப்புக் கேட்டார். வெளியே இருந்து பார்க்கும் எந்தப் பெற்றோருக்கும் தெரியவராத ஒன்றை அந்த இரவு காட்டிக்கொடுத்தது. ஒரு பெண் நடந்ததைச் சொல்லும்போது முதலில் கேட்கிறவர் என்ன பதில் சொல்கிறார் என்பதுதான் அது.

ஏரியா பார்க்கிற கண்ணைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். குடிசைகள் இருந்தால் பயம், வேற்று மதத்தவர் தெரு என்றால் பயம், 'அந்த ஆளுங்க' இருக்கிற பக்கம் என்றால் பயம். பாதுகாப்பு என்ற பெயரில் சாதிக்கணக்கு உள்ளே நுழைந்து உட்கார்ந்துகொள்கிறது. ஸ்ரீரங்கம் இதற்கும் பதில் வைத்திருக்கிறது. உறையூர் மல்லர் பிள்ளை உறங்காவில்லிதாசரை ராமானுசர் சீடராக்கிக்கொண்டார். காவிரியில் குளித்துத் திரும்பும்போது உயர்குலத்துச் சீடர்கள் இருக்க, தாசரின் கையைப் பிடித்து நடந்தார், தெரு முணுமுணுத்தது. அந்தத் தாசர்தான் பெருமாள் புறப்பாட்டில் உருவிய வாளோடு கூடவே நடந்தவர். சுவாமிக்கு ஒரு சிறு ஆபத்து வந்தாலும் உயிரை விடுவதென்று இருந்தவர். யாரைக் கண்டு தெரு ஒதுங்கியதோ, அவர்தான் அந்தத் தெருவிலேயே அதிகம் பதறியவர். இன்று விடுதிக்குப் பக்கத்தில் இரவு பத்து மணிவரை இட்லிக்கடை போடும் அக்காவும், மாணவிகளை முகம் பார்த்தே அறிந்த ஆட்டோ நிறுத்தத்து அண்ணன்மாரும் ஒரு தெருவுக்குக் கண்ணாக இருக்கிறார்கள். பெற்றோரின் பட்டியலில் அவர்கள் பெரும்பாலும் 'ஆபத்து' என்ற பக்கத்தில் எழுதப்படுகிறார்கள்.

பூட்டி வைப்பதும் ஒரு காவல் என்று நினைப்பவர்கள் உண்டு. மாலை மங்கியதும் கேட் சாத்தும் விடுதியே நல்ல விடுதி என்பது பல அப்பாக்களின் கணிப்பு. மகனைச் சேர்க்கும்போது இவர்களே அந்தக் கேள்வியை வாய் திறந்து கேட்பதில்லை. கோழிக்கோடு மருத்துவக் கல்லூரி மாணவிகள் இரவு 9.30 மணிக் கட்டுப்பாட்டை எதிர்த்து வழக்குப் போட்டபோது, பெண்களை மட்டும் ஏன் அடைக்க வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022இல் கேட்டது. நியாயமான கேள்வி. அடைத்து வைக்கப்படுகிற பெண், தாமதமாகி வெளியே ஒரு சிக்கலில் மாட்டினால் விடுதிக்கு அழைக்க மாட்டாள். திட்டு விழும் என்ற பயம் அவளைத் தனியாக்கிவிடும்.

மலைக்கோட்டைத் தாயுமானவர் கதையை இந்த இடத்தில் நினைக்க வேண்டும். ரத்னாவதிக்குப் பிரசவ நேரம். பூம்புகாரிலிருந்து கிளம்பிய அம்மா காவிரி வெள்ளத்தால் அக்கரையில் நின்றுவிட்டாள். சிவன் அம்மா உருவில் வந்து பிரசவம் பார்த்தார். வெள்ளம் வடிந்து உண்மை அம்மா வந்தபோது வீட்டில் இரண்டு அம்மாக்கள். சித்திரைத் திருவிழாவில் செட்டிப்பெண் மருத்துவம் என்று இது இன்றும் நடித்துக் காட்டப்படுகிறது. இறைவன் வெள்ளத்தை நிறுத்தவில்லை, வலியை நீக்கவில்லை. வர வேண்டியவள் வர முடியாத நேரத்தில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தூரத்து ஊரிலிருக்கும் பெற்றோர் தேட வேண்டியது இதைத்தான்: நாம் வர முடியாத இரவில் அங்கே யார் வருவார்?

அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கேட்பது தெய்வக் குற்றமும் அல்ல, நச்சரிப்பும் அல்ல. திருவாய்மொழியில் நம்மாழ்வார் ஒரு தாயின் குரலில், என் மகளை என்ன செய்வதாக இருக்கிறாய் என்று திருவரங்கனையே பாட்டுக்குப் பாட்டு நேருக்குநேர் கேட்கிறார். அரங்கனிடம் கேட்கலாம் என்றால் முதல்வரிடம் கேட்கலாம். உள்புகார்க் குழு இருக்கிறதா, தலைவர் யார்? 2015ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு விதிப்படி, மாணவர் தொடர்பான புகாரில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர்களும் அதில் இருக்க வேண்டும், இருக்கிறார்களா? வேலையாட்கள் அறைக்குள் வரும்போது கூட யார் வருவார்? இரவு ஒரு மணிக்குக் காய்ச்சல் என்றால் வண்டி யாருடையது? மகள் தனியார் விடுதியில் தங்குவதாக இருந்தால், 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆட்சியரிடம் பெற்ற உரிமம் எங்கே? பதிலை எழுதி வாங்கிக்கொண்டு, குழுத் தலைவரின் எண்ணையும் பெண்கள் உதவி எண் 181ஐயும் மகளின் கைப்பேசியில் ஏற்ற வேண்டும். பிறகு அவளிடம், எந்த நேரத்தில் எங்கிருந்து எதற்காக அழைத்தாலும் வீட்டில் முதல் கேள்வி "நீ ஏன் அங்கே போனாய்" என்பதாக இருக்காது என்று அப்பா தன் வாயால் சொல்லிவிட்டுப் பேருந்து ஏற வேண்டும்.