ஹலால் மட்டும் போதுமா?

ஜொகூர் பாருவில் ஸுபுஹுக்கு முன்பே பாலங்கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்வோர் பலர். அவர்தம் மழலைகள் அண்டைவீட்டுத் தாய்மாரிடம் வளர்கின்றன. அங்கே உணவு ஹலால்தான், அன்பும் உண்டு. ஆயின், குழந்தையின் ஈரத்துணி மாற்றிய கை சவர்க்காரம் காணாமலே சோறு பிசைந்தால்? நல்லெண்ணம் கிருமியைக் கொல்லாது. சமைத்த உணவு இரண்டு மணி நேரத்திற்குமேல் வெளியே கிடத்தலாகாது; 5 முதல் 60 பாகை செல்சியஸ் வெப்பத்தில் கிருமிகள் விரைந்து பெருகும்.

கூலிக்கு நான்கு குழந்தைகளைப் பார்க்கும் வீட்டையும் பதிவு செய்யச் சொல்கிறது 1984ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் வேளைதோறும் அடுக்களையைச் சட்டம் எட்டிப்பார்க்குமா? திருமறையோ (2:168) ஹலாலுடன் 'தய்யிப்' என்னும் தூய்மையையும் சேர்த்தே பேசுகிறது.

தராசில் குன்றிமணி குறைந்தாலும் அஞ்சும் வணிகர் நாம். பார்ப்பவரின் கூலியைக் குறைத்துப் பேசிவிட்டு, சவர்க்காரமும் குளிர்பெட்டியும் குறைவின்றி வேண்டுமென்பது நீதியா? பிள்ளை அமானிதம்: ஏற்பவருக்கு மட்டுமன்று, ஒப்படைக்கும் நமக்குந்தான்.